ஏடும் வாய்மொழியும்: கனடா நாட்டு முதற்குடிகளின் சரித்திரச் சான்றுகள்

சரித்திரம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் மனத்தில் தோன்றுவன ஏடுகளும், கல்வெட்டுகளும், செப்பேடுகளும், அரசாங்கத் தஸ்தாவேஜுகளுமே ஆம். எழுதப்பட்டது சான்று, எழுதப்படாதது கர்ண பரம்பரை. முன்னதை நம்பலாம், பின்னதைக் கேட்டு மகிழலாமேயன்றி நம்புதல் கூடாது. இது கற்றோரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கொள்கை. இக்கொள்கை எத்துணை பொருந்தும் என்பதைக் கனடா நாட்டின் முதற்குடிகளுடைய வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

அந்நாட்டைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. எழுதி வைக்கும் வழக்கமுடைய ஓர் அரசும், வாய்மொழியாலேயே தம் வரலாற்றைக் காத்துவந்த பல குடிகளும் அங்கே ஒரே நிலத்தின்மேல் எதிர்ப்பட்டன. இந்நிலம் யாருடையது? கடலில் காணாமற்போனவர் என்ன ஆயினர்? பள்ளிக்குச் சென்று திரும்பாத குழந்தைகள் எத்தனை பேர்? இவ்வினாக்களுக்கு ஏடு ஒரு விடையும் வாய்மொழி வேறொரு விடையும் கூறின. சிலபோது ஏடு விடையே கூறவில்லை. ஆகவே, இரண்டையும் எவ்வாறு எடைபோடுவது என்பது அந்நாட்டு அறிஞர்க்கும் நீதிபதிகளுக்கும் வெறும் கல்விப் பொருளாக நில்லாமல், மக்களின் உரிமையைப் பற்றிய வழக்காகவே ஆயிற்று.

முதற்குடிகள் யாவர்?

1982-ஆம் ஆண்டின் கனடா அரசியலமைப்புச் சட்டம், அதன் 35-ஆம் பிரிவில், அந்நாட்டின் முதற்குடிகளை மூவகையாக வகுத்துக் கூறுகின்றது. ஐரோப்பியரால் இந்தியர் எனப் பிழையாக அழைக்கப்பட்டு, இக்காலத்தில் முதல் நாட்டினர் என்று வழங்கப்படும் பல குடியினர் ஒரு வகையினர். வடதுருவத்தை அடுத்த பனி நிலத்தில் வாழும் இனுவிட் மக்கள் மற்றொரு வகையினர். ஐரோப்பியரும் முதற்குடிகளும் கலந்த மரபில் தனி இனமாகத் தோன்றிய மேட்டி மக்கள் மூன்றாம் வகையினர். 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இவர்களின் தொகை 18 இலட்சத்துக்குச் சிறிது மேற்பட்டது. அஃதாவது, நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஐவர். இவர்கள் பேசும் மொழிகள் 70-க்கு மேற்பட்டவை.

இவர்களை எழுத்தறியா மக்கள் என்று மட்டும் கூறி அமைதல் தகாது. 1840-ஆம் ஆண்டளவில் நார்வே ஹவுஸ் என்னும் இடத்தில் ஜேம்ஸ் எவான்ஸ் என்னும் மெதடிஸ்ட் பாதிரியார் கிரீ மொழிக்கு அசை எழுத்துகளை அமைத்து அச்சிட்டார். அவ்வெழுத்தை மக்கள் மிக விரைவில் கற்று ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொண்டனர். அதற்கு முன்னரும் நினைவைக் காக்கும் கருவிகள் இவர்களிடம் இருந்தன. கிழக்குப் பகுதியில் சிப்பி மணிகளைக் கோத்த வாம்பம் என்னும் பட்டைகள் உடன்படிக்கைகளின் சான்றாக விளங்கின. 1764-ஆம் ஆண்டில் நயாகராவில் பல குடிகளின் தலைவர்கள் கூடி, பிரிட்டிஷ் அரசரின் பிரதிநிதியான சர் வில்லியம் ஜான்சனோடு உடன்படிக்கை செய்தபொழுது, கைமாறியவை இப்பட்டைகளே. பட்டையைக் கையிலேந்தி அதன் பொருளை உரைக்கும் கடமை குறித்த சிலர்க்கு உரியதாக இருந்தது. பட்டை தனித்துப் பேசாது. உரைப்பவர் நாவும் தனித்து நில்லாது. இரண்டும் கூடியே ஆவணம் ஆகும்.

வாய்மொழியைக் காக்கும் முறை

வாய்மொழி என்றால் பாட்டி கூறும் கதை போல் அவரவர் மனம்போனவாறு கூட்டியும் குறைத்தும் சொல்லப்படுவது என்று எண்ணுவோர் பலர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடமேற்கில், ஸ்கீனா நதிப் பகுதியில் வாழும் கிட்சான் மக்களின் முறையை நோக்குவோர்க்கு இவ்வெண்ணம் நீங்கிவிடும்.

கிட்சான் மக்கள் பல 'இல்லங்களாக'ப் பிரிந்து வாழ்பவர். ஒவ்வோர் இல்லத்துக்கும் அடாவுக் எனப்படும் வரலாறு ஒன்று உண்டு. முன்னோர் எங்கிருந்து வந்தனர், எவ்வாற்றைக் கடந்தனர், எம்மலைச்சாரலைத் தமதாக்கிக்கொண்டனர், அதன் எல்லை யாது, எச்சின்னத்தைத் தாங்கும் உரிமை எவ்வாறு கிடைத்தது என்பவற்றை அது கூறும். அடாவுக் அவ்வில்லத்தின் சொத்து. உரிமை இல்லாதார் அதனைக் கூறுதல் குற்றமாகும்.

தலைவர் ஒருவர் இறந்து, அவர் பெயரை அடுத்தவர் ஏற்கும்பொழுது பெருவிருந்து ஒன்று நடைபெறும். பிற இல்லத்தாரும் அயலூர்த் தலைவர்களும் அழைக்கப்படுவர். அவர்கள் முன்னிலையில் இல்லத்தின் வரலாறும் நிலத்தின் எல்லையும் எடுத்துரைக்கப்படும். அதற்குரிய பாடல்கள் பாடப்படும். வந்தோர் பரிசில் பெறுவர். அப்பரிசில் உபசாரத்துக்காக மட்டும் அளிக்கப்படுவதன்று. கேட்டதற்குச் சாட்சியாக இருந்தமைக்கு அளிக்கப்படும் பொருளுமாகும். பிறர் நிலத்தைத் தம் எல்லைக்குள் சேர்த்து ஒருவர் உரைப்பாரேல், அந்நிலத்துக்கு உரியவர் அச்சபையிலேயே எழுந்து மறுக்கலாம். நம் ரிஜிஸ்திரார் கச்சேரியில் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து இடுவோர் பெரும்பாலும் இருவர். ஆங்கோ, கூடியிருந்தோர் அனைவரும் சாட்சிகள். அவருள் பலர் எதிர்வழக்கு உடையவர்கள்.

இத்தகைய விருந்துகளைக் கனடா அரசாங்கம் 1885-ஆம் ஆண்டு முதல் 1951-ஆம் ஆண்டு வரை சட்டத்தால் தடுத்து வைத்திருந்தது. பொருளை வீணே வாரி வழங்கும் மூட வழக்கம் என்று அதிகாரிகளும் பாதிரிமாருட் பலரும் கருதினர். 1921-ஆம் ஆண்டில் வில்லேஜ் தீவில் குவாக்குவக்காவக்கு மக்கள் நடத்திய பெருவிருந்தின் காரணமாகப் பலர் சிறை புகுந்தனர்; முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிமுதலாகிப் பல அருங்காட்சிசாலைகளுக்குப் பிரிந்து சென்றன. அவற்றுட் பல, ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே திருப்பித் தரப்பட்டு, 1979, 1980-ஆம் ஆண்டுகளில் அம்மக்களே நிறுவிய இரண்டு அருங்காட்சிசாலைகளை அடைந்தன. விருந்தைத் தடுத்தோர் தாம் ஓர் ஆவணக் களரியை மூடுகின்றோம் என்பதை உணர்ந்திலர்.

மூழ்கிய கப்பல்கள்

ஏடும் வாய்மொழியும் எதிர்ப்பட்ட நிகழ்ச்சி ஒன்றை இனிக் காண்போம். 1845-ஆம் ஆண்டில் சர் ஜான் பிராங்க்ளின் என்னும் ஆங்கிலத் தளபதி, எரெபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களில் வடதுருவக் கடல் வழியே மேற்றிசை செல்லும் பாதையைத் தேடிப் புறப்பட்டார். பனிக்கடலுட் புகுந்தவர் 129 பேர். ஒருவரும் திரும்பவில்லை.

1854-ஆம் ஆண்டில் ஜான் ரே என்னும் மருத்துவர் அப்பகுதியில் அளவை செய்துவரும்பொழுது இனுவிட் மக்கள் சிலரைச் சந்தித்தார். வெள்ளையர் பலர் பட்டினியால் மடிந்தனர் என்றும், இறுதியில் இறந்தோர் உடலையே உண்டனர் என்றும் அவர்கள் கூறினர். பிராங்க்ளின் கூட்டத்தாருடைய வெள்ளிக் கரண்டிகள் முதலியவற்றையும் அவர்களிடமிருந்து ரே விலைக்கு வாங்கினார். இச்செய்தி இங்கிலாந்தை எட்டியதும் பெருஞ்சீற்றம் எழுந்தது. நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் வாரப் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதி, நாகரிகமற்றோர் சொல்லை நம்பி ஆங்கில மாலுமிகளைப் பழித்தல் தகாது என்று வாதித்தார். ரேயின் புகழும் அத்துடன் மங்கியது.

1859-ஆம் ஆண்டில் மக்ளின்டாக் என்பவர் தலைமையில் சென்றோர் கிங் வில்லியம் தீவில் கற்குவியல் ஒன்றில் ஒரு தாளைக் கண்டெடுத்தனர். பிராங்க்ளின் 1847-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள் இறந்தார் என்றும், 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எஞ்சிய 105 பேரும் கப்பல்களை விட்டு நீங்கினர் என்றும் அதில் எழுதியிருந்தது. அக்கூட்டத்தாருடைய முடிவைப் பற்றி நேரே கூறும் எழுத்துச் சான்றாகக் கிடைத்தது இஃது ஒன்றே. இதனைப் போற்றாதார் இலர். ஆனால் இதிலும் பிழை உண்டு. கப்பல்கள் பீச்சித் தீவில் குளிர்காலத்தைக் கழித்த ஆண்டு 1845-46 ஆக இருக்க, தாளில் 1846-47 என்று எழுதப்பட்டுள்ளது. ஆயினும் இப்பிழைக்காகத் தாள் முழுவதையும் பொய்யென்று தள்ளுவார் ஒருவரும் இலர். வாய்மொழியில் இத்தகைய பிழை ஒன்று காணப்பட்டிருப்பின் அதன் கதி யாதாயிருக்கும்?

1860-களில் சார்ல்ஸ் பிரான்சிஸ் ஹால் என்னும் அமெரிக்கர் இனுவிட் மக்களோடு பல ஆண்டுகள் உடன்வாழ்ந்து அவர்தம் கூற்றுகளை எழுதி வைத்தார். கப்பல்களுள் ஒன்று தெற்கே அடிலெய்டு தீபகற்பத்தின் மேற்குக் கடலில் மூழ்கியது என்பது அக்கூற்றுகளுள் ஒன்று. பின்னாளில் ஜோவா ஹேவன் என்னும் ஊரினரான லூயி கமூக்காக் என்னும் இனுவிட் வரலாற்றாசிரியர், முதியோர் வாயிலாகக் கேட்டவற்றையும் பழைய இடப்பெயர்களையும் பல்லாண்டுகள் திரட்டினார். 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் எரெபஸ் கப்பல், இனுவிட் மக்கள் குறித்த அந்தத் தென்பகுதிக் கடலடியிலேயே காணப்பட்டது. இரண்டாண்டு கழித்து, இனுவிட் ஒருவர் தாம் முன்னர்ப் பனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த பாய்மரம் ஒன்றைக் கண்ட இடத்தைச் சொல்ல, டெரர் கப்பலும் அகப்பட்டது.

உணவு பற்றிய கூற்றும் மெய்யென்றே ஏற்பட்டது. 1990-களில் ஆராயப்பெற்ற மாலுமிகளின் எலும்புகளில் கத்தி வெட்டுகள் காணப்பட்டன. 2024-ஆம் ஆண்டில், அவ்வெலும்புகளுட் சேர்ந்த தாடையெலும்பு ஒன்று எரெபஸ் கப்பலின் தலைவரான ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் என்பவருடையது என மரபணுச் சோதனையால் தெளியப்பட்டது. அதிலும் வெட்டுகள் இருந்தன. கற்குவியலில் கிடைத்த அந்தத் தாளில் கையொப்பமிட்டவருள் ஒருவர் இவரே. அவர் எழுதி வைக்க இயலாமற்போன முடிவை 170 ஆண்டுகளுக்கு முன்னரே உள்ளவாறு உரைத்தோர், நம்பத் தகாதார் என இகழப்பட்ட அம்மக்களே.

ஓர் இரவின் நிலநடுக்கம்

ஏடும் வாய்மொழியும் ஒன்றற்கொன்று துணையாகும் இடமும் உண்டு. வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் பச்சீனா வளைகுடாவில் வாழும் ஹூ-ஏ-அத் மக்களிடையே, ஓரிரவில் நிலம் நடுங்கிற்று என்றும், பின் கடல் எழுந்து தாழ்நிலத்து ஊர் முழுவதையும் அழித்தது என்றும், மேட்டு நிலத்தில் இருந்தவரே பிழைத்தனர் என்றும் ஒரு வரலாறு வழங்கிவந்தது. காலம் மட்டும் தெரிந்திலது.

கடலுக்கு அப்பால் ஜப்பானியர், 1700-ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் நிலநடுக்கம் ஏதும் உணரப்படாமலே பேரலை வந்து கரையைத் தாக்கிய செய்தியைத் தம் ஊர்க் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தனர். காரணம் மட்டும் தெரிந்திலது. 1996-ஆம் ஆண்டில் அறிஞர்கள் அலை கடலைக் கடந்த காலத்தைக் கணக்கிட்டு, 1700-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26-ஆம் நாள் இரவு சுமார் ஒன்பது மணிக்கு வட அமெரிக்க மேற்குக் கரையில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது என்று காட்டினர். கடல்நீர் புகுந்து பட்டுப்போன மரங்களின் வளையங்களும் அதற்குச் சான்று பகர்ந்தன. ஏடு நாளைக் கூறிற்று. வாய்மொழி நிகழ்ச்சியைக் கூறிற்று. இரண்டும் சேர்ந்தபோது உண்மை வெளிப்பட்டது.

நீதிமன்றத்தில் வாய்மொழி

இனி, நிலத்தைப் பற்றிய வழக்குக்கு வருவோம். 1984-ஆம் ஆண்டில் கிட்சான், வெட்சுவெட்டன் என்னும் இரு குடிகளின் தலைவர்கள், 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின்மேல் தமக்குள்ள உரிமையை ஒப்புக்கொள்ள வேண்டும் எனப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தனர். அவ்வழக்கு டெல்கமூக்கு வழக்கு எனப் பெயர் பெற்றது. விசாரணையும் வாதமும் 374 நாள் நடைபெற்றன. நிலப்பத்திரம் இல்லாத அம்மக்கள் தம் அடாவுக்குகளையே பத்திரமாகக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் வைத்தனர்.

மேரி ஜான்சன் என்னும் முதிய தலைவி தம் இல்லத்து வரலாற்றுக்கு உரிய பாடலைப் பாட முற்பட்டார். பாடலின்றி அவ்வரலாறு நிறைவுபெறாது என்பது அவர்தம் முறை. நீதிபதி மக்கீச்சர்னோ, தமக்கு இசை கேட்கும் காது இல்லை என்றும், எழுதித் தந்தால் போதாதா என்றும் வினவினார். தலைவி பாடியே முடித்தார்.

மற்றொரு சான்றும் நினைக்கத்தக்கது. மெதீக் என்னும் மாபெருங் கரடி ஒன்று ஏரியினின்று எழுந்து, மரங்களை முறித்துக்கொண்டு ஓடைவழியே இறங்கி வந்து அழிவு செய்தது என்று ஓர் அடாவுக் கூறுகின்றது. ஆராய்ச்சியாளர் அவ்விடத்து மண்ணடுக்குகளைச் சோதித்து, ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே பெரிய மலைச்சரிவு ஒன்று நேர்ந்தது எனக் கண்டனர். அம்மக்களின் முன்னோர் அப்பொழுதே அவ்விடத்தில் இருந்தனர் என்பதற்கு இது சான்றென வாதிக்கப்பட்டது. நீதிபதி அதற்கு உடன்படவில்லை. 1991-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் வழங்கிய தீர்ப்பு, அடாவுக்குகள் நில உரிமையை நிறுவப் போதிய சான்றாகா என்று கூறி, வழக்கைத் தள்ளிவிட்டது.

மேல்முறையீடு கனடா உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 1997-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11-ஆம் நாள் தலைமை நீதிபதி அன்டோனியோ லாமர் உரைத்த தீர்ப்பு, முதற்குடிகளின் வாய்மொழி வரலாற்றுக்கு எழுத்து ஆவணங்களோடு ஒத்த இடம் அளித்து எடைபோட வேண்டும் என்று விதித்தது. எழுத்து இல்லாத மக்களிடம் எழுத்துச் சான்றையே கேட்டால், அவர்கள் உரிமையை நிறுவ வழியே இராது என்பது அதன் கருத்து. நிலம் யாருடையது என்று அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை; புதிய விசாரணை வேண்டும் என்றே கூறிற்று.

இவ்விதி பயன் தந்ததை 2014-ஆம் ஆண்டில் காண்கின்றோம். சில்கோட்டின் மக்களின் வழக்கில் கீழ் நீதிமன்றம் 339 நாள் விசாரணை நடத்தி முதியோர் பலர் வாய்மொழியைக் கேட்டிருந்தது. அச்சான்றின் மேல் எழுந்த முடிவுகளைக் கொண்டு உச்ச நீதிமன்றம் 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தின்மேல் அம்மக்களுக்கு உரிமை உண்டெனத் தீர்த்தது. கனடாவில் அத்தகைய உரிமை நீதிமன்றத்தால் நிறுவப்பட்டது அதுவே முதன்முறை.

ஆயினும் வாய்மொழி எனக் கூறிய அளவில் வழக்கு வென்றுவிடும் என்று கருதற்க. 2001-ஆம் ஆண்டில், மோஹாக் தலைவர் ஒருவர் செயின்ட் லாரன்ஸ் நதியைக் கடந்து சுங்கவரியின்றிப் பொருள் கொண்டுவரும் உரிமை கோரிய வழக்கில், அத்தகைய வாணிகம் பண்டு நடந்தமைக்குச் சான்று போதாது என்று அதே நீதிமன்றம் மறுத்தது. ஒத்த இடம் அளித்தல் வேறு. அளவுக்கு மேல் பொருள் கொள்ளுதல் வேறு.

இவ்விடத்தில் மற்றொன்றும் கூறாதொழியின் நியாயமாகாது. 1927-ஆம் ஆண்டு முதல் 1951-ஆம் ஆண்டு வரை, முதற்குடிகள் தம் நில வழக்கை நடத்தப் பணம் திரட்டுவதையும் சட்டம் தடுத்திருந்தது. விருந்தைத் தடுத்துச் சாட்சியை அடக்கி, வழக்கைத் தடுத்து வாயை அடைத்து, பின்னர் உங்களிடம் ஆவணம் ஏன் இல்லை என்று வினவுதல் முறையாகுமா?

பள்ளிகளின் பதிவேடுகள்

மிஷன் கல்லூரியில் பயிலும் நாம் கூசாமல் எண்ணிப் பார்க்க வேண்டிய பகுதி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1990-களின் பிற்பகுதி வரை கனடாவில் முதற்குடிக் குழந்தைகளுக்கென உண்டுறைப் பள்ளிகள் நடந்தன. அரசாங்கம் பொருள் தந்தது. பெரும்பாலான பள்ளிகளைக் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன் முதலிய சபைகள் நடத்தின. பெற்றோரினின்று பிரித்துக் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் 1,50,000-க்கு மேற்பட்டவர். தாய்மொழி பேசினால் தண்டனை உண்டு. வாய்மொழியைக் காக்க வேண்டிய தலைமுறையே இவ்வாறு முதியோரிடமிருந்து பிரிக்கப்பட்டது.

எழுத்தாவணம் இக்கொடுமையை முற்றும் மறைத்துவிடவில்லை. பீட்டர் பிரைஸ் என்னும் அரசாங்க மருத்துவர் 1907-ஆம் ஆண்டில் மேற்குப் பகுதிப் பள்ளிகளைச் சோதித்து, விவரம் தந்த 15 பள்ளிகளிற் பயின்றோருள் நூற்றுக்கு 24 பேர் இறந்தனர் என்று அறிக்கை எழுதினார். அவர் கூறிய சீர்திருத்தங்கள் செய்யப்படவில்லை. பதவியை விட்டு நீங்கியபின் 1922-ஆம் ஆண்டில் அவரே அதனைச் சிறு நூலாக வெளியிட்டார். ஏடு உண்மையைச் சொல்லிற்று, படித்தவர்கள் கேட்கவில்லை.

2009-ஆம் ஆண்டு முதல் 2015-ஆம் ஆண்டு வரை நீதிபதி மரே சின்கிளேர் தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு நாடெங்கும் சென்று 6,500-க்கு மேற்பட்டோர் கூற்றைக் கேட்டது. ஏடுகளையும் துருவியது. பதிவேடுகளிலிருந்து அக்குழு அப்பொழுது கண்ட மரணங்கள் ஏறக்குறைய 3,200. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கினும் சற்றே குறைந்தவற்றில் இறந்த குழந்தையின் பெயரே எழுதப்படவில்லை. ஏறக்குறையப் பாதியில் மரணத்தின் காரணம் எழுதப்படவில்லை. 1936-ஆம் ஆண்டுக்கும் 1944-ஆம் ஆண்டுக்கும் இடையே இலாகாவின் கோப்புகள் பல அழிக்கப்பட்டமையும் அக்குழுவால் வெளிப்படுத்தப்பட்டது. பெயர் இல்லாத இடத்தில் பெயரை நிரப்ப வல்லவர், உடன்பயின்று உயிர்பிழைத்தவரும், காத்திருந்து ஏமாந்த உறவினருமே ஆவர். இக்கூற்றுகளும் ஏடுகளும் மனிடோபா பல்கலைக்கழகத்தில் 2015-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசிய நிலையம் ஒன்றில் வைக்கப்பட்டன. சபைகளும் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டன: ஆங்கிலிக்கன் சபை 1993-லும், பிரெஸ்பிடேரியன் சபை 1994-லும், ஐக்கிய சபை 1998-லும் மன்னிப்பு வேண்டின, 2022-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் கனடாவுக்கே சென்று வேண்டினார்.

இங்கே ஓர் அரிய வினா எழுந்தது. பள்ளியில் பட்ட தீங்குக்கு ஈடு வேண்டி ஏறக்குறைய 38,000 பேர் மூடிய அறையில் தம் துயரை உரைத்திருந்தனர். அக்கூற்றுகளைச் சரித்திரத்தின் பொருட்டுக் காப்பதா, சொன்னவர் மானத்தின் பொருட்டு அழிப்பதா? ஆவணக் காப்பாளர் பலர் காக்க வேண்டும் என்றனர். 2017-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், 15 ஆண்டுகள் வைத்திருந்து, உரைத்தவர் விரும்பினாலன்றி அழித்துவிட வேண்டும் என்னும் கீழ் நீதிமன்ற ஆணையை உறுதி செய்தது. இரகசியம் காப்போம் என்னும் உறுதிமொழியின் மேலேயே அவர்கள் பேசினர் என்பது அதற்குக் காரணம். சரித்திரம் கற்கும் நமக்கு இத்தீர்ப்பு வருத்தம் தரலாம். ஆயினும் பிறர் துயரம் நம் ஆராய்ச்சிக்கென்றே பிறந்தது அன்று என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஆராயும் முறை

மேற்கூறியவற்றால் மாணவர்கள் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்று புலனாகின்றது. எச்சான்றை எடுப்பினும் ஐந்து வினாக்களை எழுப்புதல் நலம்.

முதலாவது, இதனைக் கூறினவர் யார்? அவர் தாமே கண்டவரா, காக்கும் கடமை பெற்றவரா, வழியிற் கேட்டவரா?

இரண்டாவது, எவர் முன்னிலையில் கூறப்பட்டது? மறுக்க வல்லார் அங்கு இருந்தனரா? விருந்து மண்டபத்தில் உரைத்த எல்லைக்கும், தனியறையில் ஓர் அதிகாரி எழுதிய குறிப்புக்கும் இவ்வகையில் வேறுபாடு உண்டு.

மூன்றாவது, எதன் பொருட்டுக் கூறப்பட்டது? வணிகச் சங்கத்தின் நாட்குறிப்பு எத்தனை தோல் வந்தது என்பதை வழுவின்றிக் கூறலாம். தோலைப் பதப்படுத்திய பெண்ணின் பெயரை எழுத அதற்குத் தேவை இல்லை.

நான்காவது, எம்மொழியில் கூறப்பட்டு எம்மொழியில் எழுதப்பட்டது? நிலத்தைப் பகிர்ந்து வாழ்வோம் என ஒருவர் சொன்னது, நிலத்தை விட்டுக்கொடுத்தோம் என மற்றொருவர் ஏட்டில் ஏறியதாக உடன்படிக்கைகள் பலவற்றைக் குறித்து முதியோர் கூறி வந்துள்ளனர்.

ஐந்தாவது, இதனைக் காப்பதற்கும் வெளியிடுவதற்கும் உரியவர் யார்? கனடாவின் முதற்குடிகள் 1998-ஆம் ஆண்டு முதல், தம்மைப் பற்றிய செய்தியின் உடைமையும், ஆளுகையும், அதனை அணுகும் உரிமையும், கையில் வைத்திருக்கும் உரிமையும் தமக்கே வேண்டும் என நான்கு நெறிகளை வகுத்துக் கூறி வருகின்றனர்.

இவ்வைந்தும் வாய்மொழிக்கு மட்டும் உரிய சோதனைகள் அல்ல. ஏட்டையும் இவற்றால் சோதித்தே கொள்ளல் வேண்டும். இரண்டும் கைகோத்துச் செல்லும் வழியும் உண்டு. வில்லியம் பெய்னன் என்பவர் சிம்சியான் மக்களின் தலைவர் மரபில் வந்தவர். 1945-ஆம் ஆண்டில் கிட்சான் ஊர் ஒன்றில் கம்பங்கள் நிறுவப்பட்ட விருந்துகளில் அவர் விருந்தினராக இருந்து, கண்டதையும் கேட்டதையும் நான்கு குறிப்பேடுகளில் எழுதினார். அவை 2000-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. தடைச் சட்டம் நீங்காத அக்காலத்தில், சபைமுறை அறிந்த சாட்சியும் எழுத வல்ல புலவரும் ஒருவரே ஆயினர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், எழுதப்பட்டமையாலேயே ஒன்று மெய்யாகிவிடுவதில்லை என்பதும், எழுதப்படாமையாலேயே ஒன்று பொய்யாகிவிடுவதில்லை என்பதும் விளங்கும். ஏடு இல்லாமைக்கும் ஒரு வரலாறு உண்டு; எழுதாமல் விட்டவர் யார், எரித்தவர் யார், பேசவொட்டாமல் தடுத்தவர் யார் என்று வினவுதலும் சரித்திர ஆராய்ச்சியின் பகுதியே.

மாணவ நண்பர்காள்! ஆவணக் காப்பகத்தில் தூசு தட்டி ஏடுகளைப் புரட்டும் உழைப்பை நாம் சிறிதும் குறைத்துக் கூறவில்லை. பிரைஸின் அறிக்கையும் ஜப்பானியர் குறிப்பும் இல்லையேல் நாம் அறிந்திருக்க இயலாதன பல. ஆயின், ஏடு காத்திருக்கும், முதியோர் காத்திரார். ஆணைக்குழுவின்முன் பேசியவருட் பலரும், நீதிமன்றத்தில் பாடிய தலைவியும் இன்று இலர். அவர்கள் இருந்த காலத்தில் கேட்கச் சிலர் முன்வந்தமையாலேயே அவர்தம் சொல் நிலைத்தது. கேட்கும் காது உடையார்க்கே சரித்திரத்தின் மறுபாதி கிட்டும் என்பதை நாம் நினைவில் இருத்துவோமாக.